மறுதொடக்கமும் மீட்டமைப்பும்

நுழையும்முன்

ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை மொழி கற்போர் அறிவர். திறன்பேசியின் திரையிலோ, ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் குரல்பதிவுகளும் ஒரு நிமிடத்தில் அழிந்துவிடக்கூடும். அத்தகைய இரு சொற்களின் வேறுபாட்டை விளக்குவது இப்பாடம்.

புல்லம்பாறை காட்டிய வழி

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வெஞ்ஞாறமூட்டை அடுத்து அமைந்துள்ள சிற்றூராட்சி புல்லம்பாறை. இங்குள்ள முதியோருக்கும் கூலித் தொழிலாளருக்கும் திறன்பேசியைக் கையாளும் முறை கற்பிக்கப்பட்டது. ஊரக வேலையுறுதித் திட்டப் பணியிடங்களும் வீட்டுத் திண்ணைகளும் வகுப்பறைகளாயின. 2022ஆம் ஆண்டில் புல்லம்பாறை முழுமையான எண்ணிம எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இம்முயற்சி மாநிலம் முழுவதும் பரவியது. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுமையான எண்ணிம எழுத்தறிவு பெற்ற மாநிலம் எனத் திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டது. இத்திட்டத்தின் வழியே 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர்.

இதனால் இன்று பாட்டியின் கையிலும் திறன்பேசி இருக்கிறது. வங்கிக் கணக்கு, மருத்துவர் தந்த சீட்டின் படம், தொலைவில் வாழும் பிள்ளைகளின் முகம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. அக்கருவி திடீரென அசைவற்று நின்றால் அவர் முதலில் அழைப்பது பேரக்குழந்தையைத்தான். அவ்வேளையில் எதைச் செய்யச் சொல்ல வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்பதை அக்குழந்தை தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

கருவி ஏன் உறைந்து நிற்கிறது?

திறன்பேசியில் இருவகை நினைவகங்கள் உள்ளன. ஒன்று தற்காலிக நினைவகம். மற்றொன்று நிலையான சேமிப்பகம். தற்காலிக நினைவகத்தை வகுப்பறைக் கரும்பலகைக்கு ஒப்பிடலாம். அன்றைய கணக்கு அதில் எழுதப்படும். மணி அடித்ததும் துடைக்கப்படும். சேமிப்பகம் குறிப்பேட்டைப் போன்றது. பலகையைத் துடைத்தாலும் ஏட்டில் எழுதியது அழிவதில்லை.

ஒரே நேரத்தில் பல செயலிகள் இயங்கும்போது கரும்பலகை நிரம்பிவிடும். சில வேளைகளில் ஒரு செயலி மற்றொன்றுக்காகக் காத்திருக்க, அந்த மற்றொன்றும் முதல் செயலிக்காகவே காத்திருக்கும். இரண்டும் நகரா. திரை உறைந்து நிற்கும். மறுதொடக்கம் என்பது இக்கரும்பலகையைத் துடைத்துவிட்டு, கருவியை முதலிலிருந்து இயங்கச் செய்வதாகும். ஏற்கெனவே சேமிக்கப்பட்ட படமும் பாட்டும் தொடர்பு எண்களும் அப்படியே இருக்கும். சேமிக்காமல் பாதியில் விட்ட எழுத்து மட்டுமே மறையக்கூடும்.

மென்மையான வழி முதலில்

மறுதொடக்கம் செய்யப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் மென்மையானதையே முதலில் முயல வேண்டும். திரை தொடுதலுக்கு இசைந்தால் திரையின் வழியே செய்வதே நல்லது.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் பக்கவாட்டிலுள்ள பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘மீண்டும் தொடங்கு’ அல்லது ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தட்ட வேண்டும். புதிய கருவிகள் சிலவற்றில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர் எழுந்துவிடும். அங்கே பவர் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் பட்டியல் தோன்றும். திரையின் மேற்புறத்திலிருந்து விரலைக் கீழிழுத்தால் வரும் விரைவு அமைப்புகளிலும் பல கருவிகளில் பவர் குறி இருக்கும். சில நிறுவனங்களின் கருவிகளில், குறித்த நாளில் குறித்த நேரத்தில் தானே மறுதொடக்கம் ஆகும்படி முன்கூட்டி அமைத்துவைக்கவும் இயலும்.

பொத்தான் பழுதுபட்டால்

பழைய கருவிகளில் பவர் பொத்தான் தேய்ந்து செயலற்றுப் போவதுண்டு. அந்நிலையில் அமைப்புகளுக்குள் ‘அணுகல்தன்மை’ என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே அணுகல்தன்மை மெனுவை இயக்கினால் திரையில் ஒரு சிறு குறி தோன்றும். அதனைத் தொட்டுப் பவர் பட்டியலைத் திறக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பொத்தான் பழுதான கருவியில் ‘அணை’ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அணைந்த கருவியை மீண்டும் எழுப்ப அந்தப் பொத்தானே தேவைப்படும். ‘மீண்டும் தொடங்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கருவி தானே அணைந்து தானே எழும்.

கட்டாய மறுதொடக்கம்

திரை முற்றிலும் உறைந்துவிட்டால் பொத்தான்களே துணை. பல கருவிகளில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒருசேர அழுத்திப் பிடிக்க வேண்டும். வேறு சிலவற்றில் பவர் பொத்தான் மட்டும் போதும். பிடிக்க வேண்டிய நேரம் கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் 7 நொடிக்குமேல் பிடித்தால் போதும்; சிலவற்றில் 30 நொடி வரை தேவைப்படும். இரு பொத்தான்களையும் அழுத்தி உடனே விட்டுவிட்டால் திரைப்படம் எடுக்கப்படுமே அன்றி, அதாவது திரையில் உள்ளது படமாகப் பதிவாகுமே அன்றி, மறுதொடக்கம் நிகழாது. நிறுவனச் சின்னம் தோன்றியதும் விரல்களை எடுத்துவிட வேண்டும்.

மின்கலத்தில் ஆற்றல் இல்லையெனில் எவ்வழியும் பயன் தராது. எனவே முதலில் சிறிது நேரம் மின்னேற்றம் செய்வது நலம். பதற்றத்தில் பவர் பொத்தானை விரைந்து பலமுறை அழுத்துதல் ஆகாது. பல கருவிகளில் அச்செயல் 112 என்னும் அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு விடுத்துவிடும்.

ஓர் உரையாடல்

பட்டத்தில் வாழும் மாணவி ஒருத்தியை, நாகர்கோவிலில் இருக்கும் அவள் ஆச்சி பக்கத்து வீட்டாரின் கைபேசியிலிருந்து அழைக்கிறார்.

ஆச்சி: மக்களே, என் போன் அப்படியே நின்றுவிட்டது. நீ முன்பு சொன்னபடி இரண்டு பொத்தானையும் பிடித்தேன். இப்போது கறுப்புத் திரையில் இங்கிலீஷில் வரிசையாக ஏதோ எழுதியிருக்கிறது.

பேத்தி: பதறாதீர்கள் ஆச்சி. ஒலியைக் கூட்டும் பக்கத்தைப் பிடித்திருப்பீர்கள். இப்போது எதையும் அழுத்த வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா அருகில் இருக்கிறார்களா?

ஆச்சி: இருக்கிறாள்.

பேத்தி: முதல் வரியை அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆச்சி: ‘ரீபூட் சிஸ்டம் நவ்’ என்கிறாள். அதற்குக் கீழே வேறு சில வரிகளும் இருக்கின்றன. ‘வைப் டேட்டா’ என்றும் ஒன்று இருக்கிறதாம்.

பேத்தி: அந்த ‘வைப் டேட்டா’ பக்கமே போக வேண்டாம் ஆச்சி. முதல் வரி ஒளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்திருந்தால் பவர் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

ஆச்சி: உன் தாத்தா பேசியதெல்லாம் அதில்தானே இருக்கிறது? ஒன்றும் போய்விடாதே?

பேத்தி: போகாது ஆச்சி. முதல் வரி மீண்டும் தொடங்குவதற்கு மட்டும்தான்.

சற்று நேரத்தில் கருவி எழுந்தது. தாத்தாவின் குரலும் அதனுள் இருந்தது.

‘மீட்டமை’ எதையும் மீட்டுத் தராது

ஆச்சி கண்ட கறுப்புத் திரை, கருவியைப் பழுதுபார்ப்பதற்கான மீட்புப் பட்டியல். அதில் ஒரே திரையில் இரு வேறு செயல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘ரீபூட்’ என்பது மறுதொடக்கம். ‘வைப் டேட்டா’ அல்லது ‘ஃபேக்டரி ரீசெட்’ என்பது மீட்டமைப்பு. முன்னது கரும்பலகையைத் துடைக்கிறது. பின்னது குறிப்பேட்டையே எரித்துவிடுகிறது. கருவி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குச் செல்லும். அதில் சேமித்த படங்கள், குரல்பதிவுகள், செய்திகள் யாவும் அழியும்.

தமிழ்ச் சொல்லும் இங்கே ஒருவரை ஏமாற்றக்கூடும். ‘மீட்டல்’ என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கிறோம். ஆகவே ‘மீட்டமை’ என்பதைக் காணும் ஒருவர், காணாமற்போன படங்களை அது மீட்டுத் தரும் என எண்ணக்கூடும். உண்மையில் அச்சொல் கருவியின் பழைய நிலையை மீட்பதையே குறிக்கிறது. உரிமையாளரின் பொருள்களை மீட்பதையன்று. மேலும், மீட்டமைப்புக்குப் பின் பல ஆண்ட்ராய்டு கருவிகள் முன்பு பயன்படுத்திய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது நினைவில் இல்லாத முதியவர் தம் கருவிக்குள்ளேயே நுழைய இயலாமல் நிற்க நேரிடும்.

எனவே மீட்டமைப்பு இறுதி வழியே ஆகும். வேண்டியவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே அதனை நாட வேண்டும்.

எழுந்தபின் செய்ய வேண்டுவன

சின்னம் மறைந்து திரை தோன்றியதும் பணி முடிந்துவிடவில்லை. மறுதொடக்கத்திற்குப் பின் முதல்முறை திறக்கும்போது கைரேகையை மட்டும் கருவி ஏற்காது. கடவு எண் அல்லது வரைவடிவத்தைக் கேட்கும். அதனை இடும்வரை சேமிப்பகத்தின் பெரும்பகுதி பூட்டப்பட்டே இருக்கும். அழைப்பு வரலாம், ஆனால் அழைப்பவரின் பெயருக்கு மாற்றாக எண் மட்டுமே தெரியக்கூடும். பல செயலிகளின் செய்திகளும் வந்து சேரா. எனவே முதியோரின் கருவியை மறுதொடக்கம் செய்யுமுன் கடவு எண் நினைவில் உள்ளதா எனக் கேட்டறிதல் இன்றியமையாதது. சிம் அட்டைக்கும் எண் பூட்டு இருந்தால், அதை மூன்று முறை தவறாக இட்டதும் அட்டை பூட்டிக்கொள்ளும்.

பணம் செலுத்திக்கொண்டிருக்கும்போது கருவி உறைந்திருந்தால், எழுந்ததும் மீண்டும் பணம் அனுப்பிவிடக் கூடாது. முதற்பணம் சென்றதா என்பதைக் கணக்கில் பார்த்த பின்னரே அடுத்த செயல். கருவி மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கட்டாய மறுதொடக்கம் செய்வதும் தவறாகும்.

தெரிந்து தெளிவோம்

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11இன் இறங்குகலம் நிலவை நெருங்கியபோது அதன் கணினி அளவுக்கு மீறிய பணியால் திணறி, 1202 என்னும் எச்சரிக்கையைக் காட்டியது. அக்கணினி தன் பணிகளைத் தானே மறுதொடக்கம் செய்தது. முதன்மையல்லாத வேலைகளைக் கைவிட்டு, தரையிறங்கத் தேவையானவற்றை மட்டும் தொடர்ந்தது. கலம் பத்திரமாக இறங்கியது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2020இல் வெளியிட்ட கைபேசி வழிகாட்டி, வாரம் ஒருமுறை கருவியை அணைத்து இயக்குமாறு அறிவுறுத்தியது. தொடர்ந்து 3 நாள் பூட்டியே கிடக்கும் ஆண்ட்ராய்டு கருவி பாதுகாப்புக்காகத் தானே மறுதொடக்கம் ஆகும் வசதியை 2025இல் கூகுள் அறிமுகப்படுத்தியது.

சொல்லும் பொருளும்

திறன்பேசி – ஸ்மார்ட்போன்
செயலி – ஆப்
மறுதொடக்கம் – ரீஸ்டார்ட், ரீபூட்
மீட்டமைப்பு – ரீசெட்
சேமிப்பகம் – ஸ்டோரேஜ்
தட்டு – திரையை ஒருமுறை தொடு
அழுத்து – பொத்தானை அமுக்கி விடு
அழுத்திப் பிடி – விடாமல் அமுக்கியபடி இரு

மதிப்பீடு

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ) பொத்தான் பழுதான கருவியில் ______ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.
ஆ) இந்தியாவின் அவசர உதவி எண் ______.

2. ஓரிரு தொடர்களில் விடை தருக.
அ) தற்காலிக நினைவகம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
ஆ) மறுதொடக்கத்திற்குப் பின் கடவு எண்ணை ஏன் இட வேண்டும்?

3. விரிவான விடை தருக.
‘மீட்டமை’ என்னும் சொல் ஒருவரை எவ்வாறு தவறான வழியில் செலுத்தக்கூடும்? சான்றுடன் விளக்குக.

4. மொழியை ஆள்வோம்.
‘அழுத்திப் பிடி’ என்பதில் ‘ப்’ மிகுந்தது. ‘மீண்டும் தொடங்கு’ என்பதில் வல்லினம் மிகவில்லை. காரணம் கூறுக.

5. செயல்பாடு.
வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் திறன்பேசியை மறுதொடக்கம் செய்வதற்கான வழிமுறையை ஐந்து தொடர்களில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதுக. அதனை அவர் கைபேசி வைக்கும் இடத்தருகே ஒட்டுக. கடவு எண்ணை மட்டும் அதில் எழுதக் கூடாது.