பழுதுபார்ப்பதா, தற்காப்பதா?

ஒன்பதாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மை நடத்தும்போது, அரசு செய்யும் செலவு என்றால் உணவுப் பொட்டலம், படகு, முகாம் என்றே மாணவர்கள் அடுக்குவார்கள். இன்னொரு வகைச் செலவும் உண்டு என்று காட்ட, இம்முறை நியூயார்க் சுரங்க ரயிலை எடுத்துக்கொண்டேன்.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலால் பொங்கிய கடல்நீர் அந்நகரின் சுரங்கப் பாதைகளுக்குள் புகுந்தது. 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 2009இல் திறந்த சவுத் ஃபெரி நிலையம் மூன்றே ஆண்டுகளில் மூழ்கியது.

“தண்ணியை இறைச்சிட்டா ரயில் ஓடுமே, சார்?” என்றான் ஒரு மாணவன். பதில் சொல்லாமல், ஓர் இரும்பு ஆணியை நல்ல தண்ணீரிலும் மற்றொன்றை உப்பு நீரிலும் போட்டு வைத்தோம். சில நாட்களில் துரு பதில் சொன்னது. சிக்னல் கருவிகளையும் மின்கம்பிகளையும் உப்பு அப்படித்தான் அரித்தது. மூடிக் கிடந்த பழைய நிலையத்தை 2013 ஏப்ரலில் திறந்து சமாளித்தார்கள். புதிய நிலையம் மீண்டும் திறக்க 2017 ஜூன் ஆகிவிட்டது.

2013 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் பொதுப் போக்குவரத்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதில் ஏறக்குறைய 360 கோடி டாலர், அடுத்த புயலைத் தாங்குவதற்கான பணிகளுக்கென 2014இல் பகிர்ந்தளிக்கப்பட்டது. தெருமட்டத் திறப்புகளை மூடும் தடுப்புகள், ரயில் பணிமனைகளுக்கு வெள்ளப் பாதுகாப்பு போன்றவை அதில் அடங்கும்.

பிறகு ஒரு செயல்பாடு. “உங்களிடம் 100 ரூபாய் இருக்கிறது. பழுதுபார்க்க எவ்வளவு, தற்காக்க எவ்வளவு?” என்று குழுக்களிடம் கேட்டேன். ஒரு குழு முழுவதையும் தற்காப்புக்கே எழுதியது. உடனே ஒரு மாணவி எழுந்தாள். “நாளைக்கு பஸ் ஓடலைன்னா எங்கம்மா எப்படி சார் வேலைக்குப் போவாங்க?”

வகுப்பு அமைதியானது. அந்தக் குழு கணக்கை அழித்துவிட்டுத் திருத்தி எழுதியது. நிதி ஒதுக்கீடு என்பது யாருடைய பயணம் முதலில் என்ற கேள்வியும்தான் என்பதை, நான் சொல்லாமலே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். பள்ளிக்கு வரும் பேருந்து வழியில் மழைநீர் தேங்கும் இடங்களை மாணவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும். எதை முதலில் சரிசெய்வது, ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும்.