வீட்டுத் தோட்டத்திற்கு மழைநீர்ப் பீப்பாய்

கேரளத்தில் ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அம்மாநிலத்தின் தென்கோடியிலுள்ள திருவனந்தபுரம் பெறுவது சுமார் 1,800 மில்லி மீட்டர். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் உச்சத்தை எட்டுகின்றன. ஆயினும் ஜனவரி முதல் மார்ச் வரை நகரில் பெய்யும் மழை மிகச் சொற்பமே. அக்காலத்தில் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்கிறது. வீட்டுத் தோட்டத்திலுள்ள வெண்டையும் பாகலும் வாடுகின்றன. மழை மிகுந்த நாட்டில் நீர்ப்பஞ்சம் ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது.

இவ்வினா வெறும் ஏட்டளவில் எழுந்ததன்று. கரமனை ஆற்றின் குறுக்கே அமைந்த அருவிக்கரை நீர்த்தேக்கமும், 1983-இல் செயற்பாட்டிற்கு வந்த பேப்பாறை அணையும் திருவனந்தபுரத்தின் குடிநீருக்கு ஆதாரமாக விளங்குகின்றன. 2016-இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. அவ்வாண்டு அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த கோடையில் நெய்யாற்று நீரை அருவிக்கரைக்குக் கொண்டுவந்து நகரின் தேவையை ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. இத்தகைய காலங்களில், பெரும் செலவில் சுத்திகரித்து அனுப்பப்படும் குடிநீரைச் செடிகளுக்கு ஊற்றுவது பொருத்தமாகாது. தோட்டத்திற்குக் கூரை நீரே போதும்.

கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். தெறிப்பு, ஆவியாதல் முதலியவற்றால் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு நேரும் எனக் கொள்வோம். 50 சதுர மீட்டர் கூரையில் 5 மில்லி மீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் நீர் சேரும். அதாவது, ஒரு சிறு மழையே ஒரு பீப்பாயை நிரப்பிவிடும். ஆண்டு முழுவதும் அக்கூரையிலிருந்து சேரும் நீரோ ஏறத்தாழ 72,000 லிட்டராகும்.

அமைக்கும் முறை

முற்காலத்தில் கேரள வீடுகளில் கமுக மரத்தைப் பிளந்து குடைந்து, கூரையின் இறவாரத்தில் நீர்த்தாரையாகப் பொருத்துவது வழக்கம். இன்று அவ்விடத்தைப் பி.வி.சி. குழாய்கள் பிடித்துள்ளன; முறை மாறவில்லை.

முதலில், உணவுப் பொருள்கள் வைத்திருந்த 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தலாகாது. ஒளி ஊடுருவாத நிறமாயின் பாசி படிவது குறையும்.

நிரம்பிய பீப்பாயின் எடை 200 கிலோ கிராமைத் தாண்டும். ஆகவே கெட்டியான தரையில் வெட்டுக்கல்லோ செங்கல்லோ அடுக்கி, சுமார் அரை மீட்டர் உயரத்தில் சமமான மேடை கட்ட வேண்டும். பூவாளியைக் குழாயின் கீழ் வைக்க இவ்வுயரம் உதவும்.

அடியிலிருந்து ஏறத்தாழ 8 சென்டி மீட்டர் உயரத்தில் துளையிட்டு, இரப்பர் வளையத்துடன் குழாயைப் பொருத்துக. வண்டல் குழாயில் அடையாதிருக்கவே இவ்விடைவெளி. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே மிகைநீர் வெளியேறும் குழாய் அமைய வேண்டும். அதன் விட்டம் நீர் உட்புகும் குழாயின் விட்டத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் கனமழையில் நீர் பொங்கிச் சுவரின் அடித்தளத்தை நனைக்கும். பருவத்தின் முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வருமாதலால், அந்நீரைப் பீப்பாயில் விடாமல் வெளியே திருப்பிவிடுதல் நன்று.

கொசு அபாயம்

தேங்கிய நன்னீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடுகிறது. 2017-இல் கேரளத்தில் டெங்கு பெருமளவில் பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. எனவே பீப்பாயின் வாயையும் மிகைநீர்க் குழாயின் முனையையும் நுண்ணிய வலையால் இறுக மூடுவது இன்றியமையாதது. முட்டை கொசுவாக வளர ஒரு வாரமளவு ஆகும். ஆதலின் வாரம் ஒருமுறை நீர் முழுவதையும் செடிகளுக்குப் பாய்ச்சி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இதனைச் செய்ய இயலாத வீட்டில் பீப்பாய் வைக்காதிருப்பதே நலம். இந்நீர் குடிப்பதற்கும் உரியதன்று.

பீப்பாயின் எல்லை

பத்துச் சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் நீர் தேவை. எனவே ஒரு பீப்பாய் ஐந்து நாள்களுக்கே போதும். மழையற்ற 90 நாள்களைக் கடக்க 3,600 லிட்டர், அதாவது 18 பீப்பாய் நீர் வேண்டும். ஆகவே இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாள்களுக்குத் துணைநிற்பதே பீப்பாயின் பணி. கோடைக்கான சேமிப்பு நிலத்தடியிலேயே நிகழ வேண்டும்.

கேரளத்தில் பெரும்பாலான வீடுகளில் திறந்த கிணறு உண்டு. பீப்பாயின் மிகைநீரை மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய வடிகட்டி வழியே கிணற்றுக்குள் விடலாம். திருச்சூர் மாவட்டத்தில் 2008-இல் தொடங்கப்பட்ட ‘மழப்பொலிமா’ திட்டம் கூரைநீரைக் கொண்டு கிணறுகளுக்கு ஊட்டமளிக்கும் இம்முறையையே மேற்கொண்டது. தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2004-இல் நகராட்சிக் கட்டட விதிகளைத் திருத்திப் புதிய கட்டடங்களுக்கு அதனை வலியுறுத்தியது.

சட்டத்தால் தொட்டியைக் கட்டச் செய்யலாம். அதனைப் பேணச் செய்வது பழக்கமே. பள்ளித் தோட்டத்தில் ஒரு பீப்பாயை வைத்து, பெய்த மழையையும் சேர்ந்த நீரையும் மாணவர்களே அளந்து குறித்துவந்தால், மேலே கூறிய கணக்கு அவர்களுக்குக் கண்கூடாக விளங்கும். மிகைநீர்க் குழாய் வழியே வீணாக ஓடும் நீரை ஒருமுறை அளந்தவர், அதனைக் கிணற்றுக்குத் திருப்பும் வழியைத் தாமே தேடுவர்.