கைப்பழக்கமும் நாப்பழக்கமும்

நுழையும்முன்

விளையாட்டில் உயர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பெற்ற பரிசுகளை எண்ணுவதே வழக்கம். அப்பரிசுகளுக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி இருக்கும். சில வேளைகளில் ஒரு வீழ்ச்சியும் இருக்கும். ஏழு வயதில் கார்ட் வண்டியில் ஏறி, மண் தடங்களில் வளர்ந்து, அமெரிக்கக் கார்பந்தயத்தின் உச்சியைத் தொட்ட கைல் லார்சனின் வாழ்வில் இவ்விரண்டும் உண்டு.

சிறிய வண்டி, பெரிய பள்ளி

1992ஆம் ஆண்டு பிறந்த கைல் லார்சன், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள எல்க் குரோவ் என்னும் ஊரில் வளர்ந்தவர். அவருடைய தாய் ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது, பிறந்த இனத்தையே காரணமாக்கி, ஜப்பானிய வம்சாவளியினர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. லார்சனின் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் அத்தகைய முகாமில் இருந்தவர்கள்.

ஏழு வயதில் லார்சன் கார்ட் பந்தயத்தில் இறங்கினார். கார்ட் என்பது தரையை ஒட்டிய சட்டத்தின்மீது இருக்கையும் சிறிய எஞ்சினும் பொருத்தப்பட்ட வண்டி. பொதுவாக இதில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில்கள் இருப்பதில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல இயலாது. ஆகவே, தடத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஓட்டுபவரின் உடலில் நேரடியாக உணரப்படும். வடகலிபோர்னியாவின் சிறுசிறு மண் தடங்களில் ஓடும், பாதுகாப்புக் கூண்டும் மேற்புற இறக்கைத் தகடும் கொண்ட கார்ட் வண்டிகளே லார்சனின் முதற்பள்ளி. வண்டி நழுவத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்பே உடல் அறிந்துகொள்ளும் பழக்கம் அங்கே வாய்த்தது.

மண்ணைப் படித்தல்

பதின்பருவத்தில் அவர் ‘ஸ்பிரிண்ட்’ கார்களுக்கு மாறினார். சாலையில் ஓடும் சிறிய குடும்பக் காரின் ஆற்றல் 70 முதல் 90 குதிரைத்திறன் வரை இருக்கலாம். உயர்நிலைப் பந்தயத்துக்குரிய ஸ்பிரிண்ட் காரோ ஓட்டுநருடன் சேர்ந்து ஏறத்தாழ 650 கிலோ எடையே உடையது; ஆற்றலோ ஏறத்தாழ 900 குதிரைத்திறன். வழக்கமான கியர்பெட்டியும் கிளட்சும் அதில் இல்லை. வேறொரு வண்டி பின்னிருந்து தள்ளினால்தான் அது உயிர்பெறும்.

இத்தகைய கார் முட்டைவடிவக் களிமண் தடத்தில் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி ஓடுகிறது. வளைவில் நுழையும்போது பின்பகுதி வெளிப்புறமாகச் சறுக்கும். அந்தச் சறுக்கலை ஓட்டுநர் தடுப்பதில்லை. அளவோடு அதை வளர்க்கிறார். கார் இடப்புறம் திரும்பிக்கொண்டிருக்க, முன்சக்கரங்கள் வலப்புறம் நோக்கியிருக்கும். கைகள் ஸ்டியரிங்கால் முன்பகுதியை ஆள, வலக்கால் ஆக்சிலரேட்டரால் பின்பகுதியை ஆள்கிறது. மிதி சற்றுக் கூடினால் கார் சுழன்றுவிடும். குறைந்தால் பின்வருபவர் முந்திவிடுவார்.

மண் தடம் ஓர் இரவுக்குள்ளேயே பலமுறை மாறும். தொடக்கத்தில் ஈரமண் சக்கரங்களை நன்றாகப் பற்றும். பந்தயங்கள் நடக்க நடக்க, காய்ந்த பகுதி பளபளத்து வழுக்கும். சக்கரங்கள் வாரியெறிந்த மண் வெளியோரத்தில் மெல்லிய வரப்புப்போல் குவியும். அவ்வரப்பில் பின்சக்கரத்தை அணைத்து ஓட்டினால் வேகம் கூடும். அதைத் தாண்டினால் கார் கவிழவும் கூடும். கறுத்த மண்ணில் ஈரம் இருக்கும், மின்னும் மண்ணில் பிடிப்பு இராது என்று நிறத்தைக் கொண்டே ஓட்டுநர் வழியைத் தெரிவுசெய்கிறார். முன்சுற்றில் சரியாக இருந்த வழி அடுத்த சுற்றில் தவறாகிவிடலாம். உழவர் மண்ணின் பதம் அறிவதைப்போல, இவரும் மண்ணின் பதம் அறிந்தாக வேண்டும்.

மண்ணிலிருந்து தாருக்கு

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓகையோ மாநிலத்தின் எல்டோரா மண் தடத்தில், 19 வயது லார்சன் ஒரே இரவில் மூன்று வெவ்வேறு வகைக் கார்களில் மூன்று பந்தயங்களை வென்றார். எடையும் ஆற்றலும் வேறுபட்ட கார்களில், ஒரே இரவில் மாறிக்கொண்டே இருக்கும் மண்ணில் கிடைத்த இவ்வெற்றி பெரிய அணிகளின் கவனத்தை ஈர்த்தது.

அமெரிக்காவில் பெருந்திரளான மக்கள் காணும் கார்பந்தயம் ‘நாஸ்கார்’ அமைப்பு நடத்துவது. பெரும்பாலும் தார்த் தடங்களில், ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள கார்களைக்கொண்டு அது நடைபெறுகிறது. வெள்ளையரே மிகுந்திருந்த அவ்விளையாட்டில் பெண்களுக்கும் சிறுபான்மை இனத்தவர்க்கும் இடமளிக்க நாஸ்கார் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் வழியே லார்சன் நுழைந்தார். 2012இல் அதன் கிழக்குப் பகுதித் தொடரில் முதல் ஆண்டிலேயே வாகையர் ஆனார். 2014இல் தலைமைத் தொடரான ‘கப்’ போட்டியில் சிறந்த புதுமுக ஓட்டுநராகத் தேர்வுபெற்றார். 2016இல் அத்தொடரின் முதல் வெற்றியைப் பெற்றார். பிறர் அஞ்சும் வெளிச்சுவரை உரசாமல் ஒட்டியே ஓட்டும் அவருடைய முறை, மண்வரப்பை அணைத்து ஓட்டிய பழக்கத்தின் தொடர்ச்சி.

ஒரு சொல்

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருந்தொற்றால் பந்தயத் தடங்கள் மூடிக்கிடந்தன. ஓட்டுநர்கள் வீட்டில் இருந்தபடியே கணினிவழிப் பந்தயங்களில் பங்கேற்றனர். அத்தகைய ஒரு பந்தயத்தில், தம் உதவியாளரிடம் பேசுவதாக எண்ணிய லார்சன், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைக் கூறினார். அச்சொல் மற்ற ஓட்டுநர்களுக்கும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. நாஸ்கார் அவரைக் காலவரையின்றி இடைநீக்கம் செய்தது. விளம்பர நிறுவனங்கள் விலகின. இரண்டே நாளில் அவருடைய அணி அவரை நீக்கியது.

இனத்தின் பெயரால் முகாமில் அடைக்கப்பட்டவர்களின் பேரன், மற்றோர் இனத்தாரை அவமதிக்கும் சொல்லைப் பேசியிருந்தார். பல இனத்தாருக்கும் வாயில் திறந்த திட்டத்தில் வளர்ந்தவர், அவ்வாயிலின் பொருளையே மறந்திருந்தார். நொடிக்கு நொடி மண்ணைப் படிக்கத் தெரிந்தவர்க்கு, ஒரு சொல்லின் பின்னுள்ள வரலாற்றைப் படிக்கத் தெரியவில்லை. யாரும் கேளாத இடம் என்று எண்ணிப் பேசியதால் சொல்லின் நஞ்சு குறைந்துவிடவில்லை. தனிமையில் பழகும் நாவே பொதுவிடத்திலும் பேசும்.

மீட்சி

லார்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உணர்திறன் பயிற்சியை முடித்தபின், மண் தடப் பந்தயங்களில் பங்கேற்க அவருக்கு இசைவு கிடைத்தது. தாம் வளர்ந்த மண்ணுக்கே திரும்பிய அவர், அவ்வாண்டில் மட்டும் 40க்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார்.

ஆயினும் வெற்றிகள் அச்சொல்லை அழித்துவிடுவதில்லை. பந்தயமில்லாத நாள்களில் அவர் வேறொரு கல்வியை மேற்கொண்டார். நகர்ப்புறச் சிறாருக்குக் கார்பந்தயத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பிலடெல்பியாப் பள்ளிக்குச் சென்று, தம் சொல்லால் மனம் நொந்தவர்களை நேரில் சந்தித்தார். ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்ட மின்னியாபொலிஸ் நகருக்குச் சென்று அங்குத் தொண்டுப் பணிகளில் ஈடுபட்டார். தம் அறியாமையை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். இவற்றின்பின் 2020 அக்டோபரில் நாஸ்கார் அவரை மீண்டும் ஏற்றது.

2021இல் ஹென்ட்ரிக் அணிக்காக ஓட்டிய லார்சன் பத்துப் பந்தயங்களை வென்று கப் தொடரின் வாகையர் ஆனார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஸ்பிரிண்ட் கார் ஓட்டுநர்கள் பெரிதும் மதிக்கும் நாக்ஸ்வில் மண் தடப் போட்டியிலும் வென்றார். 2025இல் இரண்டாம் முறையாகக் கப் தொடரின் வாகையர் பட்டத்தைப் பெற்றார்.

சறுக்கும் காரைத் திருத்த ஓட்டுநர்க்கு நொடியின் ஒரு பகுதியே கிடைக்கும். சறுக்கிய சொல்லைத் திருத்த மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். சொல்லால் புண்பட்டவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். ஆனால் அறியாமையைக் களையும் கடமை சொன்னவர்க்கு எப்போதும் உண்டு. கைக்குப் பழக்கம் வேண்டுவதுபோலவே நாவுக்கும் பழக்கம் வேண்டும் என்பதே லார்சனின் வாழ்வு காட்டும் உண்மை.

தெரிந்து தெளிவோம்

ஸ்பிரிண்ட் காரின் வலப்புறப் பின்சக்கரம் இடப்புறத்ததைவிடப் பெரியது. ஒரே அச்சில் சுழலும்போது பெரிய சக்கரம் கூடுதல் தொலைவு உருள்வதால், கார் இயல்பாகவே இடப்புறம் திரும்ப முனைகிறது.

கற்பவை கற்றபின்

1. உழவர், மீனவர், குயவர் ஆகியோருள் ஒருவர் தம் தொழிலில் இயற்கையின் மாற்றத்தை எவ்வாறு அறிகிறார் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘தனிமையில் பழகும் நாவே பொதுவிடத்திலும் பேசும்’ – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.