கச்சான் அடித்த மறுநாள்

ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஸ்பூன் என்கிற போலி இரையின் நிறத்தைத்தான். பச்சையா, நீலமா, இருட்டில் ஒளிர்வதா? தூண்டில் கடையில் ஒரு சுவர் முழுக்க அவை தொங்கும்போது அப்படிக் கேட்கத் தோன்றுவதில் வியப்பில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: கடந்த மூன்று நாளும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது?

ஏரி ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். இதில் 'மீன் நிற்கிற இடம்' என்று ஒரு புள்ளியை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் அங்கேயே போய்ச் சுற்றுவது வீண். சால்மன் பாறையிலோ பாசியிலோ ஒதுங்குவதில்லை. நடுத்தண்ணீரில் இரையோடு இரையாக அலையும். தனக்குப் பிடித்த குளிரை மட்டும் அது லேசில் விடாது. சினூக் சால்மன் பெரும்பாலும் 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையான தண்ணீரில் இருக்கும். ஸ்டீல்ஹெட் என்கிற ரெயின்போ ட்ரவுட்டுக்கு அதைவிடச் சற்று இளஞ்சூடு ஒத்துவரும். லேக் ட்ரவுட்டோ 10 பாகைக்கும் கீழே, அடித்தளத்தை ஒட்டிக் கிடக்கும்.

கோடையில் ஏரி மேலே சூடும் கீழே குளிருமாகப் பிரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்குகிற ஒரு படலம் உண்டு. நல்ல ஃபிஷ் ஃபைண்டர் திரையில் அது மெல்லிய சாம்பல் பட்டையாகத் தெரியும். இரைமீனும் அதன் பின்னால் சால்மனும் அந்தப் பட்டையை ஒட்டியே ஓடும். ஆனால் அந்தப் பட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. அதைத் தூக்குவதும் அமுக்குவதும் காற்று.

நாங்கள் படகு இறக்குவது ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பார்க்கில், ஏரியின் வடகரை. மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேற்பரப்புத் தண்ணீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே ஒதுங்கும். விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழிருந்து பனிக்குளிர்த் தண்ணீர் கரையோரம் மேலே வரும். யூலையில்கூட நேற்று 20 பாகையாக இருந்த கரைத் தண்ணீர் இன்று 8 பாகைக்கு வந்துவிடும்; குளிக்கப் போனவர்கள் கணுக்காலோடு திரும்பிவிடுவார்கள். கிழக்குக் காற்று என்றால் எதிர்மாறு. சூடான தண்ணீர் முழுவதும் நம் கரையில் வந்து குவிந்து, குளிரைப் பல பத்து அடி கீழே தள்ளிவிடும். அப்போது சால்மனைத் தேடி வெகு தூரம் வெளியே ஓட வேண்டும், அல்லது மிக ஆழத்தில் தூண்டில் இழுக்க வேண்டும். எதிர்க்கரையில் நியூயோர்க் பக்கம் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

என்னோடு வருகிற அண்ணை ஒருவர் மயிலிட்டியில் வளர்ந்தவர். மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல், வடக்கே வாடை, தெற்கே சோளகம் என்று நான்கு காற்றும் அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம். ஏரியின் கணக்கை நான் படம் வரைந்து விளக்கியபோது, "அப்ப கச்சான் அடிச்சா எங்களுக்கு நல்லம், கொண்டல் அடிச்சா வீட்டில நிக்கலாம் எண்டு சொல்லும்" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் நான் சொல்லவும் ஒன்றுமில்லை.

ஒரு திருத்தம் மட்டும். கச்சான் பலமாக அடித்து ஓய்ந்த உடனே கரையோரம் மீனுக்கே தாங்காத குளிராக இருக்கும். அப்போது வெளியே ஓடி, மேற்பரப்பில் 8 பாகை 12 ஆக மாறுகிற கோட்டைத் தேட வேண்டும். சில நாட்களில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும்: நுரையும் குப்பையும் செத்த பூச்சிகளும் ஒரே வரிசையில் மிதக்கும். அந்தக் கோட்டின் சூடான பக்கத்தை ஒட்டி, மேலிருந்து 20, 30 அடிக்குள்ளேயே ஸ்டீல்ஹெட்டும் கோஹோ சால்மனும் அடிக்கும்.

இனித் தூண்டிலை அந்த ஆழத்துக்கு எப்படி இறக்குவது? டவுன்ரிகர் என்பது படகின் ஓரத்தில் பூட்டிய கம்பிச் சுருள். அதன் முனையில் 10 முதல் 15 இறாத்தல் வரையான ஈயக் குண்டு. தங்கூசியைக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் கடிக்கவிட்டு இறக்கிவிட்டால், மீன் அடித்ததும் கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும். குண்டின் பாரமில்லாமல் மீனோடு நேரடியாக மல்லுக்கட்டலாம். கவனிக்க வேண்டியது, படகு ஓடும்போது குண்டு நேர்கீழே போகாமல் பின்னால் சாய்ந்துதான் இழுபடும். எண்ணி 100 அடி என்று காட்டினாலும் குண்டு அவ்வளவு ஆழத்தில் இல்லை. டிப்ஸி டைவர் என்கிற வட்டத் தட்டு தூண்டிலைப் பக்கவாட்டில் விரித்து இறக்கும். ஈயத்தை உள்ளே வைத்துப் பின்னிய லெட்கோர் கயிறு 10 யாருக்கு ஒரு நிறமாக மாறும். வழக்கமான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய 5 அடி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகம்தான் அடுத்த தலையிடி. மணிக்கு 2 முதல் 2.8 மைல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரைக்கு மேலான படகின் வேகம். 80 அடி கீழே நீரோட்டம் எதிர்ப்பக்கமாக ஓடினால் ஸ்பூன் நமக்குத் தெரியாமலே வெறிபிடித்துச் சுழலும். கூடவே ஓடினால் செத்ததுபோலத் தொங்கும். அதனால்தான் கிழக்கே போகும்போது அடி மேல் அடியாக விழுந்த மீன், அதே பாதையில் மேற்கே திரும்பினால் தொடுவதே இல்லை. குண்டோடு சேர்த்து இறக்கி, அங்குள்ள வேகத்தையும் வெப்பத்தையும் காட்டுகிற கருவிகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கடி. ஆனாலும் சுவரில் தொங்குகிற ஸ்பூன்களில் பாதியை வாங்காமல் விட்டால் அந்தக் காசு சேர்ந்துவிடும். கருவி இல்லையென்றால் வளைந்து வளைந்து ஓட்டுங்கள். திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத்தது வேகமெடுக்கும். எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மொத்த வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

யூலைக்குப் பிறகு வருகிற ஒரு தொல்லையைப் புத்தகங்கள் குறைத்துத்தான் சொல்கின்றன. காஸ்பியன், கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்து சேர்ந்த, தூண்டில்முள் வால் கொண்ட நுண்ணிய நீர்ப்பூச்சி. 1998இல் இந்த ஏரியில் கண்டுபிடித்தார்கள். ஒன்றைப் பார்த்தால் ஒரு முடித்துண்டு. ஆயிரக்கணக்கில் அவை தங்கூசியில் வால் கோத்துக்கொண்டால் நனைந்த பஞ்சு போலத் திரண்டு, தடி நுனியின் வளையத்தில் அடைத்து, ரீலைச் சுற்றவே விடாது. மீன் பாதி தூரத்தில் இருக்கும்போது இது நடந்தால் மீன் போனதுதான். மெல்லிய பின்னல் நூலில் மோசமாக ஒட்டும். 30 இறாத்தல் தடித்த தங்கூசியில் குறைவு. நூலை வெளியே விடும்போதும் உள்ளே இழுக்கும்போதும் தடியின் நுனியைத் தண்ணீரில் படபடவென்று அடித்தால் கொஞ்சம் கழன்று விழும்.

அடி விழுந்ததும் புதியவர்கள் எஞ்சினை நிறுத்தப் பார்ப்பார்கள். அண்ணை கத்துவார்: "நிப்பாட்டாதை தம்பி, ஓடிக்கொண்டே இரு!" அவர் சொல்வது சரி. படகு நின்றால் தங்கூசி தொய்யும், சினூக் தலையை ஒரு தடவை உதறினால் கொக்கி கழன்றுவிடும். மற்றத் தூண்டில்களும் கீழே போய்ச் சிக்குப்படும். வேகத்தைச் சற்றே குறைத்து நேராக ஓட்டுங்கள். பெரிய சினூக் முதல் ஓட்டத்தில் இருநூறு அடிக்கு மேல் உருவும், உருவட்டும். வலையைத் தண்ணீரில் தாழ்த்திப் பிடித்து, மீனின் தலை வலைக்குள் வரும்வரை பொறுக்க வேண்டும். வாலை முதலில் தொட்டால் இன்னொரு ஓட்டம் நிச்சயம்.

இந்தச் சினூக்கும் கோஹோவும் இங்கே பிறந்த இனங்களல்ல. ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் அணைகளாலும் காடழிப்பாலும் மிகைப்பிடிப்பாலும் 1898 அளவில் அற்றுப்போனது. சூடைக் குடும்பத்து ஏல்வைஃப் என்கிற சிறுமீன் தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகியது. 1960களின் இறுதியிலிருந்து இரு நாட்டு அரசுகளும் பசிபிக் சால்மன் குஞ்சுகளை விட்டன. இன்றும் சினூக் தின்பது பெரும்பாலும் ஏல்வைஃபைத்தான். அதனால் திரையில் ஏல்வைஃப் கூட்டம் இல்லாத தண்ணீரில், வெப்பம் சரியாக இருந்தாலும், நான் நேரத்தைச் செலவழிப்பதில்லை. ஓகஸ்ட் கடைசியில் மட்டும் இது பொருந்தாது. முட்டையிடப் போகிற மீன்கள் கிரெடிட், கனரஸ்கா போன்ற ஆறுகளின் வாயில் திரளும், தின்பதை நிறுத்திவிடும். பிளாஷர் என்கிற பெரிய மின்னும் தகடும் பிளக் என்கிற பருத்த போலி மீனும் அவற்றின் முகத்துக்கு நேரே போனால் எரிச்சலில் கடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிரவுன் ட்ரவுட் பத்தடித் தண்ணீரில், பிக்கரிங் அணுமின் நிலையத்தின் வெந்நீர் விழுகிற பக்கமாகச் சுற்றும். அதற்குத் தூண்டிலைப் படகை விட்டு விலக்கி இழுக்கும் பக்கவாட்டுப் பலகை போதும், குண்டு தேவையில்லை.

உரிமமும் படகோட்டுநர் அட்டையும் கையில் இருக்கட்டும். படகிலிருந்து பிடித்தால் இந்த ஏரியில் ஆளுக்கு இரண்டு தூண்டில். உயிர்காப்பு அங்கியைப் பெட்டியில் வைக்காமல் உடலில் போட்டுக்கொள்ளுங்கள். கச்சான் அடித்த மறுநாள் 8 பாகைத் தண்ணீரில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் சில நிமிடங்களில் மரத்துவிடும்.

பெரிய சினூக்கை நாங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வயது கூடிய மீனின் கொழுப்பில் பிசிபி போன்ற நச்சு கூடுதலாகத் தங்கும். எந்த நீளத்து மீனை மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாகாண அரசின் கையேடு பட்டியல் போட்டிருக்கிறது, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு. வீட்டுக்கு வருவது சிறிய கோஹோவும் ஸ்டீல்ஹெட்டும்தான். பிடித்த கையோடு செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து ஐஸில் போட வேண்டும். வீட்டில் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் சீவி எறிந்து, மிளகாய்த்தூளும் தேசிக்காயும் பூசி, கொழுப்பு வடியும்படி கம்பி வலையில் சுடுவோம். குழம்புக்கு இது சரிவராது, கொதியில் உதிர்ந்துவிடும். குழம்பு வேண்டிய நாளில் கடையில் விளைமீன் வாங்கிவிடுகிறோம்.