போட்டோக்கள் உள்ளேதான் இருக்கின்றன: ஃபோல்டர் திறக்க மறுத்தால் என்ன செய்வது?

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். அந்த டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுப் புது லேப்டாப்பில் செருகுகிறீர்கள். டிரைவ் தெரிகிறது. ‘யூசர்ஸ்’ ஃபோல்டரும் அதற்குள் உங்கள் பெயரில் இருந்த ஃபோல்டரும் தெரிகின்றன. அதை டபுள் கிளிக் செய்தால், திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது. ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ பார்த்தால் அளவு 0 பைட் என்று காட்டுகிறது. இத்தனை வருடப் போட்டோவும் போய்விட்டது என்று பலரும் கலங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

எதுவும் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லாததால் விண்டோஸால் அளவைக் கூட்டிச் சொல்ல முடியவில்லை. அந்த 0 பைட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆகவே யார் சொன்னாலும் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுமதிச் சிக்கலைத் தீர்க்க ஃபார்மட் ஒருபோதும் தேவைப்படாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முறை ஒன்றுதான்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

விண்டோஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைந்தவை. 1993-ல் விண்டோஸ் என்டி வெளிவந்தபோது வந்த முறை இது. இதில் ஒவ்வொரு ஃபோல்டரோடும் ஃபைலோடும் இரண்டு விவரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று, உரிமையாளர் யார் என்பது. மற்றொன்று, யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல். இரண்டிலும் பதிவாவது உங்கள் பெயர் இல்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட அடையாள எண். கணக்கு உருவாகும்போது அந்தந்தக் கம்ப்யூட்டரே இந்த எண்ணைக் கொடுக்கிறது. ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் இருந்தாலும் ரேஷன் கார்டு எண் வேறுதானே, அதுபோல. பழைய கம்ப்யூட்டரிலும் புதியதிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் விண்டோஸ் கண்ணுக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். விண்டோஸை அழித்துவிட்டு அதே கம்ப்யூட்டரில் மறுபடி போட்டாலும் எண் மாறிவிடும்.

பென் டிரைவில் இந்தத் தொல்லை வராததற்கும் காரணம் இருக்கிறது. அவை பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். அவற்றில் அனுமதிப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது.

தடுப்பது எது என்று முதலில் பாருங்கள்

உரிமையை மாற்றக் கிளம்பும் முன், வந்திருப்பது அனுமதிச் சிக்கல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டவர்கள்தான் பிறகு மணிக்கணக்கில் அலைகிறார்கள்.

ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று செய்தி வந்தால் அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் புரோகிராமை மூடுங்கள், முடியாவிட்டால் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபைல் சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று வந்தால் அது டிஸ்க்கின் கோளாறு. அங்கே அனுமதிகளை மாற்ற முயல்வது ஏற்கெனவே தளர்ந்த டிஸ்க்குக்கு இன்னும் வேலை வைக்கும். எடுக்க முடிந்ததை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். செருகியதும் இதை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸே கேட்டால், ‘கேன்சல்’ அழுத்திவிட்டு டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சி டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் நேரடியாக ஒரு ஃபைலை சேவ் செய்ய முயன்றாலும் அனுமதி இல்லை என்றுதான் வரும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் சேவ் செய்தால் போதும்.

ஒரே ஒரு புரோகிராம் மட்டும் டாக்குமென்ட்ஸிலோ டெஸ்க்டாப்பிலோ சேவ் செய்ய மறுக்கிறது, மற்றவை ஒழுங்காகச் செய்கின்றன என்றால், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’க்குள் போய் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ பக்கத்தின் அடியில் இருக்கும் ‘ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்’ பகுதியைப் பாருங்கள். அங்கே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்’ ஆனில் இருந்தால், விண்டோஸுக்குப் பழக்கமில்லாத புரோகிராம்களை அது தடுக்கும். அதை ஆஃப் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு நம்பிக்கையான அந்தப் புரோகிராமை மட்டும் அங்கேயே அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ என்ற கட்டத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுத்துத் திரும்பத் திறந்தால் அந்தக் கட்டம் மறுபடி நிரம்பியிருக்கும். எத்தனை முறை எடுத்தாலும் இப்படித்தான். ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்துக்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

முதலில் ‘கன்டினியூ’

உண்மையிலேயே அனுமதிச் சிக்கல்தான் என்றால், நீங்கள் நுழைந்திருக்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருக்க வேண்டும். ‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுன்ட்ஸ்’, ‘யுவர் இன்ஃபோ’ போனால் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் வீட்டில் அந்தக் கணக்கு யாருடையதோ அவரை அழைத்து பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொண்டு அங்குள்ள ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

அனுமதி இல்லை என்ற பெட்டியிலேயே ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். பல வீடுகளில் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும். அதை அழுத்தியதும் விண்டோஸ் உங்கள் கணக்கை அந்த ஃபோல்டரின் பட்டியலில் சேர்க்கத் தொடங்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் நேரம் பிடிக்கும். மேலே அட்ரஸ் பாரில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து யூஎஸ்பி வயரைப் பிடுங்கிவிடாதீர்கள், பொறுத்திருங்கள்.

அதுவும் முடியாவிட்டால் உரிமையை மாற்றுங்கள்

கன்டினியூ அழுத்திய பிறகும் மறுத்து, ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போகச் சொன்னால் மட்டும் இந்த வழி. முழு டிரைவிலும் இதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஃபோல்டர் எதுவோ அதில் மட்டும் செய்யுங்கள்.

1. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்து, ‘செக்யூரிட்டி’ டேபில் ‘அட்வான்ஸ்டு’ பட்டனை அழுத்துங்கள். மேலே ‘ஓனர்’ என்ற வரியில் உரிமையாளரைக் காட்ட முடியவில்லை என்றோ, எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணோ இருக்கும். அந்த எண் தெரிந்தால், உரிமையாளர் பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரில் இருந்த நீங்கள்தான்.

2. அதே வரியில் ‘சேஞ்ச்’ என்பதை அழுத்துங்கள். பெயர் கேட்கும் பெட்டி வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்குத் தங்கள் பெயர் கம்ப்யூட்டரில் எப்படிப் பதிந்திருக்கிறது என்றே தெரிந்திருக்காது. ஆகவே டைப் செய்யாமல் அந்தப் பெட்டியில் இருக்கும் ‘அட்வான்ஸ்டு’, பிறகு ‘ஃபைண்ட் நவ்’ அழுத்துங்கள். கீழே வரும் பட்டியலில் உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்ற குழுவை விட உங்கள் சொந்தக் கணக்கே நல்லது. குழுவுக்கு அனுமதி கொடுத்தால், சாதாரணமாகத் திறக்கும்போது மறுபடி அதே பெட்டி எதிரே வரும்.

3. உரிமையாளர் பெயருக்குக் கீழே இப்போது புதிதாக ஒரு கட்டம் தோன்றியிருக்கும். அதில் உள்ள வரி ‘ரீப்ளேஸ் ஓனர்’ என்று தொடங்கும். அதில் டிக் போட்டால்தான் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் உரிமை மாறும். ‘அப்ளை’ கொடுங்கள். முழு அனுமதியை உங்களுக்கே கொடுத்துப் பழைய அனுமதிகளை மாற்றவா என்று கேட்டால் ‘யெஸ்’.

4. எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு, ப்ராபர்ட்டீஸை மறுபடி திறங்கள். மூடாமல் தொடர்ந்தால் புதிய நிலவரம் திரையில் தெரியாது.

5. மறுபடி செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. பட்டியலில் உங்கள் கணக்கு இல்லையென்றால் ‘ஆட்’, ‘செலக்ட் எ பிரின்சிபல்’ வழியாக அதைச் சேர்த்து ‘ஃபுல் கன்ட்ரோல்’ டிக் செய்து ஓகே கொடுங்கள்.

உரிமை கிடைத்தாலே கதவு திறந்துவிடும் என்று எண்ணி ஐந்தாவது படியை விட்டுவிடுகிறார்கள். உரிமையாளருக்குப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் திறந்து படிக்க வேண்டுமானால் பட்டியலில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் உள்ளே ஏதாவது ஒரு ஃபோல்டர் முரண்டு பிடித்தால், பட்டியலில் ‘டினை’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் தொடக்கூடாது என்று யாரோ ஒருநாள் ‘எவ்ரிஒன்’ பெயரில் டினை போட்டு மறந்திருப்பார்கள். எவ்ரிஒன் என்றால் போட்டவரும் சேர்த்துத்தான். அதே ஃபோல்டரில் நேரடியாகப் போட்ட டினை, கொடுத்த அனுமதியை முந்திக்கொள்ளும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்குங்கள்.

எடுத்துக்கொண்டு வாருங்கள், குடியிருக்க வேண்டாம்

ஃபோல்டர் திறந்ததும் பழைய டிஸ்க்கிலேயே அனுமதிகளைத் திருத்திக்கொண்டிருக்காமல், வேண்டியதைப் புது லேப்டாப்புக்கு காப்பி செய்துவிடுங்கள். காப்பி ஆகும் ஃபைல் போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும், அதனால் சிக்கல் கூடவே வராது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். டாக்குமென்ட்ஸ் காலியாக இருந்தால் பக்கத்தில் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப்பும் போட்டோக்களும் அதற்குள்தான் போயிருக்கும். சில ஃபைல்களின் பெயர் மட்டும் டிஸ்க்கில் இருந்து, உள்ளடக்கம் இணையக் கணக்கில் இருக்கலாம். அவற்றை அந்தக் கணக்கில் நுழைந்துதான் எடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி வைத்திருந்தால் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அது எப்போதும் திறக்காது. பழைய புரோகிராம்களுக்கு வழிகாட்ட வைத்த வெறும் சுட்டி அது, உள்ளே எதுவும் இல்லை.

உரிமையை மாற்றியும் பயன் தராத இடங்கள் இரண்டு. ஃபைலின் மேல் சிறிய பூட்டுப் படம் இருந்தால், அல்லது பெயர் பச்சை எழுத்தில் இருந்தால், அது பழைய கணக்கின் சாவியால் என்கிரிப்ட் செய்யப்பட்டது. அந்தச் சாவியின் பேக்கப் இல்லாமல் திறக்காது. டிஸ்க்கைச் செருகியதுமே 48 இலக்க ரெகவரி கீ கேட்டால் அது பிட்லாக்கர். நீங்களே போட்ட நினைவு இல்லாவிட்டாலும், பழைய கம்ப்யூட்டரில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெகவரி கீ பகுதியைப் பாருங்கள். பல சமயம் அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

தொடக்கூடாதவை

இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் ‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘விண்டோஸ்ஆப்ஸ்’ ஃபோல்டர்களின் உரிமையை மாற்றாதீர்கள். அங்கே உரிமையாளராக ‘ட்ரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. வைரஸோ தவறான கிளிக்கோ விண்டோஸின் சொந்த ஃபைல்களை மாற்றிவிடாமல் அது காக்கிறது. அதை எடுத்துவிட்டால் அப்டேட் வராமல் போகலாம், ஆப்கள் திறக்காமல் போகலாம், பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் பெரும்பாடு.

சி டிரைவ் முழுவதற்கும் எவ்ரிஒன் பெயரில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிடு, எல்லாத் தொல்லையும் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தத் தொல்லையோடு சேர்த்துப் பாதுகாப்பும் போய்விடும். பிள்ளையின் கணக்கில் ஒரு கேமோடு ஒட்டிவந்த வைரஸ்கூட உங்கள் ஃபைல்களை அழிக்க முடியும்.

வீட்டில் இரண்டு மூன்று பேர் தனித்தனிக் கணக்கு வைத்து ஒரே போட்டோக்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. சி டிரைவில் யூசர்ஸுக்குள் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டர். அதில் வைத்தால் எல்லாக் கணக்குகளுக்கும் தெரியும், எந்த அனுமதியையும் மாற்ற வேண்டாம். அங்கே கொண்டுபோகும்போது கட் செய்து பேஸ்ட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். ஒரே டிரைவுக்குள் கட் செய்த ஃபைல், பழைய அனுமதிகளோடே போய்ச் சேரக்கூடும். உங்களுக்குத் திறக்கும், மனைவிக்கோ மகனுக்கோ திறக்காது. காப்பி செய்து, அவர்கள் கணக்கில் நுழைந்து திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழித்துவிடலாம்.