கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவள்

நவி மும்பையின் ஐரோலியில் ஜூலை மாதம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. காலை ஆறு மணிக்குப் போட்டால் ஏழரைக்கு மழை வந்து கரைத்துவிடும். 2017 ஜூலையில் அப்படிக் கரைந்துபோன ஒரு பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் அவளோடு முதன்முதலாகச் சண்டை போட்டேன்.

17 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். என் அணித் தடுப்பாட்டக்காரி செய்த ஃபவுல் பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா என்று நடுவருக்கே தெரியவில்லை. கோடு இல்லை, அவள் சறுக்கிய தடம் மட்டும் சேற்றில் இருந்தது. எதிரணி கோச் தன் பையிலிருந்து ஒரு நீல நைலான் கயிற்றை உருவினாள். ஐந்தரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. முதல் முடிச்சு கோல் ஏரியா, இரண்டாவது பெனால்டி புள்ளி, மூன்றாவது பெட்டியின் விளிம்பு. 5.5, 11, 16.5. நடுவட்டத்துக்கு வேண்டிய 9.15 மீட்டரில் மட்டும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒரே கயிற்றில் முழு மைதானம்.

"மேடம், உங்க கயிறு சரின்னு நான் எப்படி நம்புறது?"

"நீங்களே அளந்து பாருங்க, மேடம்."

அளந்தேன். சரியாக இருந்தது. ஃபவுல் உள்ளேதான். பெனால்டி கொடுத்தார்கள், தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்காக அவளும் நானும் சேர்ந்து புதுக் கோடு போட்டோம். கயிற்றின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில்.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவள் செம்பூர், தஞ்சாவூர்க் குடும்பம். இன்று இருவரும் ஐரோலியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்றும் வெவ்வேறு பள்ளிகளுக்குத்தான் கோச். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு ஆட்டமாவது எதிரெதிரே நிற்கிறோம். எப்படி இது நடக்கிறது என்று எங்களைப் போன்ற சில பெண்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவள் பெயரை எழுதவில்லை. என் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவள் கதையை நான் சொல்லக்கூடாது. நான் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது இதுதான். ஒருத்தி தன் அம்மாவிடம், அலுவலகத்தில், தோழியிடம் எப்போது எதைச் சொல்கிறாள் என்பது அவளுடைய முடிவு. காதலிக்கிறோம் என்பதற்காக அந்த முடிவை நாம் எடுத்துவிட முடியாது.

அடுத்தது ஆட்டத்தைப் பற்றியது. இதை நான் தப்பு செய்துதான் கற்றேன்.

2018 அரையிறுதி. நேரம் முடிந்து பெனால்டி ஷூட்அவுட் வந்துவிட்டது. அதற்குள் எங்கள் பழக்கம் ஒரு வருடத்தைத் தொட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே கட்டிங் சாய் குடித்தபடி, அவளுடைய கோல்கீப்பர் பதற்றத்தில் எப்போதும் வலது பக்கமே பாய்கிறாள், எவ்வளவு சொல்லியும் மாறவில்லை என்று ஒருநாள் புலம்பியிருந்தாள். ஐந்து பேரைப் பெனால்டிக்கு அனுப்பும்போது அது என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் பெண்கள் இருவர் அந்தப் பக்கமே அடித்தார்கள், அந்தக் கோல்கீப்பர் இரண்டையும் பிடித்தாள். தோற்றோம்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், உங்களுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்கிற தொனியில். அவள் முகம் மாறிவிட்டது.

"என் பொண்ணுங்களுக்கு நீ பிச்சை போட்டியா?"

அதுவரை 'நீங்க', 'மேடம்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். முதல் 'நீ' கோபத்தில் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது, நான் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறேன் என்று. என் அணியில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நான் முழு கோச்சாக நிற்கவில்லை. அவள் அணியின் வெற்றியையும் அழுக்காக்கிவிட்டேன். கேட்ட பிறகு சொல்வதா விழுங்குவதா என்று தவிப்பதில் பயனில்லை. கேட்காமல் இருந்திருக்க வேண்டும், அவளும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அன்று முதல் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: சீசன் தொடங்கிவிட்டால் வீட்டில் அணியைப் பற்றிப் பேச்சு கிடையாது. யாருக்குக் காயம், யார் ஃபார்மில் இருக்கிறாள், எந்தக் கார்னரை எப்படி எடுக்கிறோம், எதுவும் கிடையாது. நோட்டுப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும். ஒருத்தியின் ஆட்டத்துக்கு இன்னொருத்தி விசில் ஊதுவதும் இல்லை, நடுவர் கிடைக்கவில்லை என்று கெஞ்சினாலும் இல்லை.

இப்படி எதிரெதிரே நிற்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அதே 2018 ஏப்ரலில் ஐரோப்பாவில் மகளிர் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி நடந்தது. வோல்ஃப்ஸ்பர்க் அணியில் டென்மார்க்கின் பெர்னில் ஹார்டர், செல்சியில் ஸ்வீடனின் மக்டலேனா எரிக்சன். காதலர்கள், எதிரெதிர் அணி. ஹார்டரின் அணி ஜெயித்தது. மறு வருடம் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில், ஸ்வீடன் கனடாவை வென்ற பிறகு, பார்வையாளர் வரிசையில் நின்ற ஹார்டரை எரிக்சன் முத்தமிட்ட படம் உலகம் முழுக்கப் போனது. என்னவள் போனில் அந்தப் படம் வெகுநாள் இருந்தது. நமக்கு அவ்வளவு தூரத்து மாதிரி மட்டும் இல்லை. அதே 2019-இல் ஒடிசாவின் துத்தி சந்த், அப்போது நம் நாட்டின் வேகமான ஓட்டக்காரி, தான் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். வீட்டு எதிர்ப்பையும் தாங்கினார். விளையாட்டுத் துறையில் இருக்கும் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது மைதானத்தில் நிற்பவளுக்குத்தான் தெரியும்.

இனி, பிள்ளைகள். நாங்கள் பழக்கும் பெண்கள் பதினான்கு, பதினாறு வயதுக்காரிகள். யார் எங்களைப் பற்றி என்ன பேசினாலும் அவர்களுடைய பாதுகாப்பில் ஒரு நூலிழை தளரக்கூடாது. உடை மாற்றும் அறைக்குள் கோச் தனியாகப் போவதில்லை. செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கும் குரூப்பில் மட்டும். வெளியூர் ஆட்டத்துக்கு எப்போதும் இன்னொரு பெரியவர் உண்டு. யாரோ சந்தேகப்படுவார்களே என்று பயந்து செய்வதல்ல இது, எந்தக் கோச்சும் செய்ய வேண்டியது. ஆனால் இதை வருடக்கணக்காகச் செய்து வந்ததால்தான், ஒரு தோல்விக்குப் பிறகு ஒரு பெற்றோர், "ரெண்டு கோச்சும் ஒரே வீட்டில இருக்காங்க, வேணும்னே விட்டுட்டாங்க" என்று புகார் எழுதியபோது பள்ளியில் என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைப் பள்ளி நிர்வாகத்திடம் நானே முன்பே சொல்லியிருந்தேன். ஒரே தொழிலில் எதிரெதிர் இடத்தில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உறவை விவரிக்க வேண்டியதில்லை, முகவரி ஒன்று என்று சொன்னால் போதும்.

எப்போதாவது ஒரு மாணவி வந்து நிற்பாள். தனக்கும் ஒரு பெண் மேல்தான் மனம் போகிறது என்பாள். கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் வைக்க அவசரப்படாதீர்கள், அவள் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அதே சமயம், "என்ன சொன்னாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அவளை யாராவது பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நாம் புகார் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று எந்த மருத்துவரும் சிகிச்சை தரக்கூடாது, அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அதற்கு வித்திட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் கொடுத்த உத்தரவு அது. பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போகப் போவதாகச் சொல்லும் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2022 அக்டோபர் 30. 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நம் நெருளில், டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில். இரண்டு பள்ளிப் பெண்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு ஐரோலியில் ரயில் ஏறினோம். ரபாலே, கன்சோலி, கோபர்கைரானே என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஸ்பெயின் ஒரு சுயகோலில் கொலம்பியாவை வென்றது. திரும்பி வரும்போது அவளுடைய கோல்கீப்பரும் என் முன்கள ஆட்டக்காரியும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிப்போனார்கள். அந்த வருட ஆட்டத்தில் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை.

வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் சொன்னது 2019-இல். மூன்று மாதம் பேசவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பி கையில் அவித்த பனங்கிழங்கும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பி, பிறகு போன் செய்தாள். "ஏட்டி, அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வா. நல்ல நாளும் பொழுதுமா தனியா எதுக்குக் கெடக்கணும்." தாராவிச் சந்தில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்கும்போது பக்கத்து வீட்டு அத்தையிடம் அவளைக் "கூட வேலை பாக்குத புள்ள" என்று சொன்னாள். இன்றும் அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு அது போதும். அவள் வீட்டில் அந்த அளவுகூட இல்லை. என் வீடு இப்படி, உன் வீடு ஏன் அப்படி என்று ஒருநாளும் கேட்காதீர்கள். அது அவளுக்கு ஏற்கெனவே வலிக்கிற இடம்.

அதிகமாக வலியுறுத்த விரும்புவது காகிதங்களைத்தான். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து நம்மை விடுவித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் அவளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் என்றார்கள். மருத்துவமனையில், "சொந்தக்காரங்க யாரு? கையெழுத்து வேணும்" என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். "நீங்க என்ன உறவு?" நான் சொன்ன பதிலுக்கு அவர்களுடைய படிவத்தில் கட்டமே இல்லை. அவளோடு பேசிப் பல மாதம் ஆகியிருந்த அண்ணன் புனேயிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டான். என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனான். அந்த ஐந்து மணி நேரம் நான் நடைபாதையில் அவளுடைய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டே இருந்தது.

2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் நம் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. மறுஆய்வு மனுக்களையும் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. ஆகவே சட்டம் தராததை நாமே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். வங்கியில் கூட்டுக் கணக்கு திறந்தோம், தனித்தனிக் கணக்குகளில் ஒருவருக்கொருவர் நாமினி போட்டோம். இதற்குத் தடை இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்ட் 28-இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. கிளையில் தயங்கினால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டுங்கள். வீட்டு வாடகைக்கான லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போட்டுப் பதிவு செய்தோம். முதலில் குடியிருப்புச் சொசைட்டியில் 'கசின்ஸ்' என்று சொல்லிவைத்திருந்தோம். வேண்டாம், அந்தப் பொய்யை வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டிவரும். தோழிகள் என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

இருவரும் உயில் எழுதினோம். அதற்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். யாருக்கு எழுதுகிறோமோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். கடைசியாக, எனக்கு உடம்பு முடியாமல் போனால் என் சார்பில் மருத்துவரிடம் பேச அவளுக்கு அதிகாரம் தருகிறேன் என்று ஒரு கடிதம், நோட்டரி கையெழுத்தோடு. எல்லா மருத்துவமனையும் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் கையோடு நிற்பதற்கும் ஒரு தாளோடு நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அதன் ஒரு பிரதியையும் அந்தக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கோப்பு அலமாரியில், மேல் தட்டில். நீலக் கயிறு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. முடிச்சுகள் தேய்ந்துவிட்டன, போன மழைக்கு முன் இரண்டை மறுபடி அளந்து கட்டினோம். உங்கள் வாழ்க்கையிலும் இப்படி ஒருத்தி இருந்தால், எந்த ஊரில், எந்த வேலையில் இருந்தாலும், அந்த மருத்துவக் கடிதத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள். ஒரு பக்கம்தான், அரை மணி நேரம்கூட ஆகாது.