நீச்சலைப் பாதியில் நிறுத்தலாமா?

அல்லாஹ்வின் நினைவு இல்லாதவை யாவும் வீண் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அதிலிருந்து நான்கு காரியங்களை விலக்கினார்கள். அவற்றுள் ஒன்று நீச்சல் கற்பது. இமாம் நஸாயீ (ரஹ்) இதனைப் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் சொல்லாக மேடைகளில் அடிக்கடி கூறப்படுவதைக் காட்டிலும் இதுவே வலுவான ஆதாரம்.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் என்று நம்மைச் சுற்றிலும் நீர்தான். மழைக்காலம் கழிந்து ஏரி நிறைந்திருக்கும்போது, மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது; அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் முகாம் முடிந்ததும், 'பையன் கற்றுக்கொண்டான்' என்று நிறுத்திவிடுகிறோம். அவனுக்குத் தண்ணீர் பயம்தான் போயிருக்கிறது, நீச்சல் வந்திருக்காது. தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையைவிட இவனைப் பற்றியே நாம் அதிகம் அஞ்ச வேண்டும். நண்பர்கள் அழைத்தால் ஏரியில் முதலில் இறங்குபவன் இவன்தான்.

அலிஃப், பே முடித்த பிள்ளையை மக்தபிலிருந்து நிறுத்தி, 'குர்ஆன் ஓதிவிட்டான்' என்று எந்தத் தாயாவது சொல்வாளா?

அப்படியானால் எதுவரை அனுப்புவது? வங்காளதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி 'ஸ்விம்சேஃப்' என்னும் பயிற்சியை நடத்துகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும். 30 விநாடி மிதக்க வேண்டும். மூழ்குபவனைக் கம்போ கயிறோ நீட்டிக் கரையிலிருந்தே மீட்கத் தெரிய வேண்டும். அதன் பிறகே தேர்ச்சி. 4 முதல் 12 வயதுவரை இவ்வாறு கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு கோடையில் இந்த அளவு எட்டாவிட்டால், பள்ளி திறந்த பின்னும் வாரம் ஒருநாள் அனுப்புங்கள். குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் யார்? கட்டணம் சுமைதான். மற்ற டியூஷன்களுக்குத் தருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பருவம் எய்தியதும் நிறுத்திவிடுகிறார்கள். ஏரிக்கு ஆண், பெண் தெரியாது. ஆறு, ஏழு வயதிலேயே தொடங்கினால் அதற்குள் கற்றுத் தேறிவிடுவார்கள். வயது கடந்தவர்களுக்குப் பெண் பயிற்சியாளரும் தனி நேரமும் வேண்டும். ஒரு தாய் தனியே போய்க் கேட்பதைவிட, மஹல்லாவின் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து நீச்சல் குள நிர்வாகியிடம் கேட்டால் கிடைப்பது எளிது.